தூங்கும் பணம்

தாராவி மும்பை நகரில் இருக்கிறது. அங்கே ஒரு சந்து. விடியற்காலை 3 மணிக்கே அந்தச் சந்தில் அடுப்பு எரியும். இட்லி வாசம் வரும். நம் ஊர்க்காரர்கள் பல பேர் அங்கே இட்லி அவிக்கிறார்கள். மும்பைத் தெருக்களில் கொண்டுபோய் விற்கிறார்கள்.

அந்தச் சந்தில் ஓர் ஆச்சி இருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஆச்சி இட்லி அவிப்பார். மகன் சைக்கிளில் கொண்டுபோய் விற்று வருவார். மாலையில் ஆச்சி எங்கள் மையத்துக்குப் படிக்க வருவார். வந்த புதிதில் ஆச்சி கைநாட்டு. இப்போது பெயர் எழுதுவார். கடிதம் படிப்பார். தேதியும் கணக்கும் எழுதுவார்.

ஒரு நாள் ஆச்சி சீக்கிரமே வந்துவிட்டார். முந்தானையில் எதையோ சுற்றி வைத்திருந்தார்.

"டீச்சர், தாத்தா பெட்டியில இது கெடந்துச்சு. என்னன்னு பாருங்க."

ஆச்சியின் கணவர் 2021-இல் இறந்துவிட்டார். அவருடைய தகரப் பெட்டியை அன்றுதான் துப்புரவு செய்திருக்கிறார்கள். வேட்டிக்கு அடியில் இரண்டு பாஸ்புக் இருந்தன. ஒன்று தாத்தாவுடையது. மற்றொன்று ஆச்சியுடையது. இரண்டும் ஊரில் உள்ள ஒரே வங்கியில் 2011-இல் திறந்த கணக்குகள். பிறகு குடும்பம் மும்பைக்கு வந்துவிட்டது.

ஆச்சியின் பேத்தி நர்சிங் படிப்பில் சேர வேண்டும். பணம் கட்ட ஒரு மாதம்தான் இருந்தது. ஆச்சி கேட்டார்:

"இம்புட்டு வருசம் ஆச்சே. பணம் இருக்குமா, போயிருக்குமா?"

பாஸ்புக்கைப் படித்தோம்

"நீங்களே படியுங்கள் ஆச்சி" என்றேன்.

ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தாத்தாவின் பாஸ்புக்கில் கடைசி வரியில் விரல் வைத்துப் படித்தார்.

தேதி: 14-05-2012
வரவு: 500
இருப்பு: 9,200

வரவு என்றால் நாம் போட்ட பணம். பற்று என்றால் நாம் எடுத்த பணம். இருப்பு என்றால் மீதி உள்ள பணம்.

தாத்தா கடைசியாக 500 ரூபாய் போட்டிருக்கிறார். அது 2012-ஆம் ஆண்டு. அப்போது 9,200 ரூபாய் இருந்திருக்கிறது. அதன் பிறகு அந்தக் கணக்கை யாரும் தொடவில்லை.

ஆச்சியின் பாஸ்புக்கில் கடைசித் தேதி 2018. ஊரில் கோயில் கொடைக்குப் போனபோது ஆச்சி பணம் எடுத்திருக்கிறார். மீதி 2,650 ரூபாய்.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தையும் பார்த்தோம். தாத்தாவின் பாஸ்புக்கில் 'நாமினி பதிவு செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அச்சாகி இருந்தது. ஆச்சிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஆமா, தாத்தா எம் பேரத்தான் கொடுத்தாக. நானும் கூடப் போயிக் கைநாட்டு வச்சேன்."

இரண்டு ஆண்டு, பத்து ஆண்டு

வங்கிக் கணக்குக்கு ஒரு விதி உண்டு. இது ரிசர்வ் வங்கி சொன்ன விதி. ரிசர்வ் வங்கிதான் நம் நாட்டு வங்கிகளுக்கெல்லாம் விதி வகுக்கிறது.

நாம் 2 ஆண்டுக்கு மேல் கணக்கைத் தொடாமல் விட்டால் அது 'செயல்படாத கணக்கு' ஆகிவிடும். வங்கி தானாக வட்டி சேர்க்கும். தானாகக் கட்டணம் பிடிக்கும். இவை நாம் கணக்கைத் தொட்டதாக ஆகாது. நாம் பணம் போட்டாலோ எடுத்தாலோ போதும். அப்போது கணக்கு விழித்திருக்கும்.

வங்கி ஏன் இப்படிச் செய்கிறது? ஆள் இல்லாத வீட்டைப் பூட்டி வைக்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். யாரும் கவனிக்காத கணக்கில் திருடன் கை வைக்கலாம். கள்ளக் கையெழுத்துப் போடலாம். அதனால் வங்கி அந்தக் கணக்கைப் பூட்டி வைக்கிறது. உரியவர் வந்து தன்னை யார் என்று காட்டினால் திறந்துவிடும்.

பூட்டிய கணக்கிலும் பணம் நம்முடையதுதான். சேமிப்புக் கணக்கு தூங்கினாலும் வங்கி வட்டி தர வேண்டும். குறைந்த இருப்பு இல்லை என்று தண்டம் போடக் கூடாது. கணக்கை மறுபடி திறக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. இந்த விதிகள் 2024 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன.

மத்திய, மாநில அரசுத் திட்டங்களுக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்குகளுக்கு ஒரு சலுகை உண்டு. உதவித்தொகை வாங்கும் மாணவர்களின் கணக்குக்கும் உண்டு. 2 ஆண்டு தொடாமல் இருந்தாலும் அவற்றைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கக் கூடாது.

சரி, 10 ஆண்டு தொடாவிட்டால் என்ன ஆகும்?

அப்போது வங்கி அந்தப் பணத்தை ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிவிடும். அங்கே இதற்கென்றே ஒரு நிதி உண்டு. அதன் பெயர் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதி. 2014-இல் இது தொடங்கியது. பிக்சட் டெபாசிட் பணமும் இங்கே போகும். அதற்கு முதிர்வு தேதியிலிருந்து 10 ஆண்டு கணக்கு.

2024 மார்ச் முடிவில் இந்த நிதியில் இருந்த தொகை 78,213 கோடி ரூபாய். எவ்வளவு பெரிய தொகை பாருங்கள்! இதெல்லாம் யாரோ உழைத்துச் சேர்த்த பணம். மறந்த பணம். வீட்டில் சொல்லாமல் இறந்தவர்களின் பணம். ஊர் மாறிப் போனவர்களின் பணம்.

அங்கே போன பணம் திரும்பி வருமா? வரும். எத்தனை ஆண்டு ஆனாலும் உரியவர் கேட்கலாம். வாரிசும் கேட்கலாம். நாம் ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டியது இல்லை. நம் வங்கியில் கேட்டால் போதும். வங்கி நமக்குக் கொடுத்துவிட்டு, அந்த நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும். நிதியில் இருந்த காலத்துக்கும் வட்டி உண்டு. 2021 மே 11 முதல் அந்த வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு, தனி வட்டி.

ஆச்சிக்கு இதைச் சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார்.

"தாத்தா கணக்கு 2014-ல தூங்கிருக்கு. 2022-ல ரிசர்வ் வங்கிக்குப் போயிருக்கு. எங் கணக்கு 2020-ல தூங்கிருக்கு. ஆனா வங்கியிலதான் இருக்கு. சரியா டீச்சர்?"

"சரியாகச் சொன்னீர்கள்" என்றேன்.

நாலாயிரம் கேட்டவர்

மறுநாள் ஆச்சி வாடிய முகத்தோடு வந்தார். தெருமுனையில் ஒருவர் படிவம் நிரப்பித் தருகிறார். அவர் ஆச்சியிடம் சொல்லியிருக்கிறார்: "உங்க பணத்த கவர்மெண்ட் எடுத்திருச்சு. நாலாயிரம் கொடுங்க, நான் வாங்கித் தாரேன். பாஸ்புக்கையும் ஆதாரையும் கொடுங்க."

மகனும் கொடுத்துவிடலாம் என்று சொன்னாராம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள் ஆச்சி?"

"எனக்கு எழுதத் தெரியும், நானே எழுதிக்கிடுதேன்னு சொல்லிட்டேன்."

ஆச்சி சொன்னதுதான் சரி. இதற்குத் தரகர் வேண்டாம். பாஸ்புக்கையும் ஆதார் அட்டையையும் அந்நியரிடம் கொடுக்கக் கூடாது. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது. "உங்கள் தூங்கும் பணம் கிடைத்துவிட்டது, போனில் வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது பேசுவார்கள். சொல்லக் கூடாது. அந்த எண்தான் ஓடிபி. அது நம் வீட்டுச் சாவி.

ஆச்சியின் கணக்கு விழித்தது

முதலில் ஆச்சியின் கணக்கைப் பார்த்தோம். கணக்கு ஊரில் இருக்கிறது. ஆனாலும் அதே வங்கியின் எந்தக் கிளையிலும் மனுக் கொடுக்கலாம். இதுவும் ரிசர்வ் வங்கியின் விதி. மும்பையில் அதே வங்கிக்கு ஒரு கிளை இருந்தது.

ஆச்சி தன் கையால் மனு எழுதினார். மூன்று தாள் வீணானது. நான்காவது தாள் நன்றாக வந்தது. மனுவோடு இவற்றை வைத்தோம்:

1. பாஸ்புக்
2. ஆதார் அட்டை நகல்
3. பான் அட்டை நகல்
4. புகைப்படம்

பான் அட்டை இல்லாதவர்கள் வங்கியில் அதற்கான படிவம் வாங்கி நிரப்பித் தரலாம்.

வங்கிக்கு ஆச்சியும் பேத்தியும் நானும் போனோம். அதிகாரி இந்தியில் பேசினார். பேத்தி தமிழில் சொன்னாள். பழைய பதிவில் ஆச்சியின் கைநாட்டு இருந்தது. அதிகாரி முதலில் பெருவிரல் ரேகை கேட்டார். ஆச்சி வைத்தார். பிறகு ஆச்சி கேட்டார்:

"இனிமே நான் கையெழுத்துத்தான் போடுவேன். அத எழுதிக்கிடுவீகளா?"

அதிகாரி ஓர் அட்டையை நீட்டினார். ஆச்சி அதில் மாதிரிக் கையெழுத்துப் போட்டார். மெதுவாகத்தான் போட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்திருந்தார்கள். ஆச்சி அவசரப்படவில்லை.

மனுவைக் கொடுத்ததற்கு அத்தாட்சி கேட்டு வாங்கினோம். எல்லாத் தாளும் சரியாக இருந்தால் 3 வேலை நாளில் கணக்கைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. மூன்றாம் நாள் ஆச்சியின் கணக்கு திறந்தது. அன்றே 100 ரூபாய் போட்டார்.

தாத்தாவின் பணம்

தாத்தாவின் கணக்கு வேறு வகை. உரியவர் இறந்துவிட்டார். அதனால் நாமினி கேட்க வேண்டும். இங்கே ஆச்சிதான் நாமினி.

பங்குனி உத்திரத்துக்கு ஆச்சி குடும்பத்தோடு ஊருக்குப் போனார். சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தார்கள். அடுத்த வேலை நாளில் ஆச்சி வங்கிக்குப் போனார். வங்கியில் உரிமை கோரும் படிவம் கொடுத்தார்கள். அதோடு மூன்று தாள் கேட்டார்கள். தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், ஆச்சியின் அடையாள அட்டை, தாத்தாவின் பாஸ்புக்.

பாஸ்புக்கில் தாத்தாவின் தகப்பனார் பெயர் முழுதாக இருந்தது. இறப்புச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் இருந்தது. "இரண்டும் ஒருவரே" என்று எழுதித் தரச் சொன்னார்கள். ஆச்சி எழுதிக் கொடுத்தார். இப்படிப் பெயர் மாறுவது பல வீடுகளில் உண்டு. பயந்து திரும்பி வந்துவிடக் கூடாது. என்ன தாள் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

நாமினி இருந்தால் நீதிமன்றத்தில் வாரிசுச் சான்று வாங்க வேண்டியது இல்லை. நாமினி இல்லாவிட்டால் வாரிசுகள் கேட்கலாம். உயிலும் தகராறும் இல்லை என்றால், வணிக வங்கிகள் 15 லட்சம் ரூபாய் வரை நீதிமன்றச் சான்று கேட்காமல் எளிய முறையில் கொடுக்க வேண்டும். கூட்டுறவு வங்கிகளுக்கு இது 5 லட்சம். வாரிசுகள் உறுதிமொழி எழுதித் தர வேண்டும். எல்லாத் தாளும் வந்த பிறகு 15 நாளுக்குள் முடிக்க வேண்டும். இந்த விதியை ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டது. 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் இதற்கு மாற வேண்டும் என்றும் சொன்னது.

ஒன்று நினைவில் இருக்கட்டும். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ளும் பொறுப்பாளர். அதனால் மற்ற வாரிசுகளின் பங்கு போய்விடாது.

ஆச்சி மும்பைக்குத் திரும்பினார். சில நாள் கழித்துப் போனில் செய்தி வந்தது. ஆச்சியே படித்தார். தாத்தாவின் பணம் வட்டியோடு ஆச்சியின் கணக்குக்கு வந்திருந்தது. 14 ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஆச்சியின் கணக்கு முதலிலேயே விழித்திருந்ததால் பணம் நேராக அதற்கு வந்தது.

பேத்தியின் படிப்புக்கு அது முழுதும் போதாது. மீதியை மகன் சீட்டு எடுத்துக் கட்டினார். ஆனால் முதல் பணம் தாத்தாவின் பணம். ஆச்சி சொன்னார்:

"அவுக ஒரு நாளும் பீடி குடிக்க மாட்டாக. அந்தக் காசு பிள்ள படிப்புக்கு வந்திருச்சு."

பாஸ்புக்கே இல்லை என்றால்?

சில வீடுகளில் பாஸ்புக் தொலைந்திருக்கும். எந்த வங்கி என்றே தெரியாது. அதற்கு ஒரு வழி உண்டு. ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டு 17 அன்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதன் பெயர் உத்கம். பல வங்கிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளை அதில் ஒரே இடத்தில் தேடலாம். 2024 மார்ச் மாதத்தில் 30 வங்கிகள் அதில் சேர்ந்திருந்தன.

முதலில் நம் போன் எண்ணைப் பதிய வேண்டும். பிறகு கணக்குக்காரரின் பெயரையும் வங்கியின் பெயரையும் கொடுக்க வேண்டும். பான் எண், வாக்காளர் அட்டை எண், பிறந்த தேதி போன்றவற்றில் ஒன்றையும் தர வேண்டும். படித்த பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு தேடுங்கள். உத்கம் தகவல் மட்டும் சொல்லும். பணம் வாங்க வங்கிக்குத்தான் போக வேண்டும்.

லாக்கர் வைத்திருப்பவர்களுக்கு

நகை வைக்கும் லாக்கருக்கும் விதி உண்டு. 3 ஆண்டு தொடர்ந்து வாடகை கட்டாவிட்டால் வங்கி அதை உடைத்துத் திறக்கலாம். வாடகை கட்டியிருந்தாலும், 7 ஆண்டு திறக்காமல் இருந்து, ஆளையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால், அப்போதும் திறக்கலாம். ஆனால் முதலில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். சாட்சிகள் முன்னால் திறக்க வேண்டும். வீடியோ எடுக்க வேண்டும். உள்ளே இருந்ததைப் பட்டியல் போட்டுப் பத்திரமாக வைக்க வேண்டும். வீடு மாறினால் வங்கிக்குச் சொல்லுங்கள். அப்போதுதான் அறிவிப்பு நம் கைக்கு வரும்.

கணக்கு தூங்காமல் இருக்க

- ஆண்டுக்கு ஒரு முறையாவது பணம் போடுங்கள், அல்லது எடுங்கள். பொங்கலுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளலாம்.
- பாஸ்புக்கில் வரவு பதிந்து வாங்குங்கள். கடைசித் தேதியைப் படியுங்கள்.
- வீடு மாறினாலும் போன் எண் மாறினாலும் வங்கியில் எழுதிக் கொடுங்கள்.
- நாமினி பெயர் கொடுங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு 4 பேர் வரை கொடுக்கலாம்.
- எந்த வங்கியில் கணக்கு என்று வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வையுங்கள்.
- தேவை இல்லாத கணக்கை முடித்துவிடுங்கள்.
- பிக்சட் டெபாசிட் முதிரும் தேதியைக் காலண்டரில் குறியுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அப்படியே விட்டால் வட்டி குறையலாம்.

வங்கியில் நியாயம் கிடைக்கவில்லையா? முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. விவரம் கேட்கும் போன் எண் 14448.

மாதிரி மனு

ஆச்சி எழுதிய மனு இது. இதைப் பார்த்து நீங்களும் எழுதலாம்.

அனுப்புநர்
(உங்கள் பெயர், முகவரி, போன் எண்)

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
(வங்கியின் பெயர், ஊர்)

ஐயா / அம்மா,

பொருள்: செயல்படாத கணக்கைத் திறந்து தர வேண்டுதல்.

வணக்கம். உங்கள் வங்கியில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது. கணக்கு எண் ................ . கடைசியாக ............ ஆண்டு பணம் எடுத்தேன். அதன் பிறகு கணக்கைப் பயன்படுத்தவில்லை. இப்போது பயன்படுத்த விரும்புகிறேன். முன்பு நான் கைநாட்டு வைத்தேன். இனிமேல் கையெழுத்துப் போடுவேன். என் மாதிரிக் கையெழுத்தைப் பதிந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். தேவையான தாள்களை இணைத்துள்ளேன். கணக்கைத் திறந்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(கையெழுத்து)

இடம்:
தேதி:

சொல் அறிவோம்

வரவு – கணக்கில் போட்ட பணம்
பற்று – கணக்கிலிருந்து எடுத்த பணம்
இருப்பு – மீதி உள்ள பணம்
செயல்படாத கணக்கு – 2 ஆண்டுக்கு மேல் தொடாத கணக்கு
நாமினி – நமக்குப் பிறகு பணத்தை வாங்க நாம் பெயர் கொடுத்தவர்
முதிர்வு தேதி – பிக்சட் டெபாசிட் முடியும் நாள்

பயிற்சி

அ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. ______ ஆண்டு தொடாத கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகும்.
2. தூங்கிய கணக்கைத் திறக்க வங்கி ______ கேட்கக் கூடாது.
3. தாத்தாவின் கணக்குக்கு ______ தான் நாமினி.

ஆ. சரியா, தவறா?

1. ரிசர்வ் வங்கிக்குப் போன பணம் திரும்பி வராது.
2. போனில் வரும் ஓடிபி எண்ணை வங்கி ஆள் கேட்டால் சொல்லலாம்.
3. தூங்கும் கணக்கை அதே வங்கியின் வேறு கிளையிலும் திறக்கலாம்.

இ. பேசுவோம்.

1. தெருமுனைக்காரருக்கு ஆச்சி 4,000 ரூபாய் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
2. உங்கள் வீட்டில் யாருடைய கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது? உங்களுக்குத் தெரியுமா?

ஈ. செய்வோம்.

இன்று வீட்டுக்குப் போய் எல்லாப் பாஸ்புக்கையும் எடுங்கள். பெட்டிக்கு அடியிலும் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கடைசித் தேதியைப் படித்து நோட்டில் எழுதுங்கள். 2 ஆண்டுக்கு மேல் ஆனவற்றைத் தனியாக வையுங்கள். நாளை மையத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து மனு எழுதுவோம்.